கச்சான் காற்றில் ஹைப்ரிட் கார் என்ன மைலேஜ் தரும்?

ஒரு தம்பி கேட்டிருந்தார்: "கீழக்கரையில் வீடு, ராமநாதபுரத்தில் கடை. தினம் போய்வர 35 கிலோமீட்டர். மாதம் இரண்டு தடவை மதுரை, எப்போதாவது ராமேஸ்வரம். ஹைப்ரிட் எஸ்யூவி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். கம்பெனிக் கணக்கு லிட்டருக்கு 27.97. அதே வண்டி வைத்திருக்கும் என் மச்சான் 19-ஐத் தாண்டவில்லை என்கிறார். எதை நம்புவது?"

உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை தம்பி. ஆனால் எந்த மாதத்தில், எந்தப் பக்கமாக ஓட்டிவிட்டு அந்த 19-ஐச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். ஆடி மாதம், ராமேஸ்வரத்திலிருந்து மேற்கே வந்தேன் என்று சொன்னால், அந்த 19 நல்ல மைலேஜ் என்றே நான் சொல்வேன்.

நான் ராமநாதபுரத்தில் இருபத்தைந்து வருஷம் பட்டறை வைத்திருந்தவன். இப்போது மூன்று வண்டி வாடகைக்கு ஓடுகிறது. அதில் ஒன்று 1.5 லிட்டர் ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவே வண்டியை நகர்த்தக்கூடிய மின்மோட்டாரும் பேட்டரியும் உள்ளது. வாங்கிய நாளிலிருந்து டேங்க் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு நீள நோட்டில் எழுதுகிறேன்: தேதி, கிலோமீட்டர், லிட்டர், எந்த ரூட், எத்தனை பேர், ஏ.சி. ஓடியதா. நம்மூரில் மைலேஜ் சொல்வது மாப்பிள்ளை சம்பளம் சொல்வது மாதிரி, இரண்டு கூடித்தான் வாயில் வரும். அதனால்தான் நோட்டு. என் வண்டியைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் அதிலிருந்துதான்.

சரி, முதலில் அந்த 27.97. மாருதியின் கிராண்ட் விட்டாராவும் டொயோட்டாவின் ஹைரைடரும் 2022-ல் வந்தபோது அவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகைக்குச் சான்றளிக்கப்பட்ட எண் இது. சான்று ரோட்டில் வாங்குவது கிடையாது. ஒரு கூடத்துக்குள் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றவிட்டு, இருபது நிமிஷத்துக்கு ஒரு வரையறுத்த ஓட்டம் ஓட்டுவார்கள். அந்த இருபது நிமிஷத்தில் பதின்மூன்று நிமிஷம் டவுன் ஓட்டம்: கிளம்பு, கொஞ்சம் போ, நில், மறுபடி கிளம்பு. மிச்ச ஏழு நிமிஷத்தில் வேகம் ஏறும், அதுவும் 90-க்கு மேல் போகாது. சராசரி எடுத்தால் மணிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஏ.சி. கிடையாது, எதிர்காற்று கிடையாது, பின்சீட்டில் மாமியார் கிடையாது. எல்லாக் கம்பெனிக்கும் அதே பரீட்சைதான், அதனால் ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வித்தாள் முழுக்க ஹைப்ரிட்டுக்குப் பிடித்த பாடமாக அமைந்துவிட்டது. சாதாரண பெட்ரோல் வண்டியும் சான்று எண்ணிலிருந்து இறங்கத்தான் செய்கிறது. ஹைப்ரிட் இன்னும் உயரத்திலிருந்து இறங்குவதால் அடி பெரிதாகத் தெரிகிறது.

ஹைப்ரிட்டுக்குப் பிடித்த பாடம் என்ன என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். நாலு பேரோடு சேர்த்து 1,500 கிலோ என்று வையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அந்த வண்டியின் ஓட்டத்துக்குள் இருக்கும் ஆற்றல், நம் வீட்டுக் கரண்ட் பில் கணக்கில் 0.058 யூனிட். சாதாரண வண்டியில் பிரேக் மிதித்தால் அத்தனையும் சூடாகிக் காற்றில் போய்விடும். ஹைப்ரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது, அந்த ஆற்றல் பேட்டரிக்குப் போகிறது. போகவர நடக்கும் சேதாரத்தைக் கழித்துப் பாதி மிஞ்சுவதாக வைத்தால் 0.029 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோல் நல்ல இன்ஜினில் எரிந்தால் மூன்று யூனிட் வேலை தரும். அப்படியானால் ஒரு தடவை 60-லிருந்து மெதுவாக நிறுத்துவதில் உங்களுக்குத் திரும்பி வருவது பத்து மில்லி பெட்ரோல். இருமல் மருந்து பாட்டிலின் மூடி அளவு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் வருவதற்குள் ஆடு, மாடு, பள்ளிக்கூட வாசல், வேகத்தடை, ஷேர் ஆட்டோ என்று பத்து தடவை பிரேக் போட்டால் பத்து மூடி, நூறு மில்லி. அந்த 17 கிலோமீட்டருக்கு மொத்தச் செலவே முக்கால் லிட்டர்தான்.

இது ஒரு வரவு. இதைவிடப் பெரிய வரவு வேறு. பெட்ரோல் இன்ஜின் அரைகுறைச் சுமையில் ஓடும்போதுதான் எரிபொருளைக் கண்டபடி வீணாக்கும். நெரிசலில் ஊரும்போது அதன் திறமை பாதாளத்தில் இருக்கும். ஹைப்ரிட்டில் அந்த வேலையை மோட்டாரிடம் கொடுத்துவிட்டு இன்ஜின் அணைந்துவிடுகிறது. மறுபடி எரியும்போது நல்ல சுமையில் எரிந்து, மிஞ்சியதைப் பேட்டரியில் போட்டுவிட்டு மறுபடி அணைகிறது. இன்ஜினும் அதற்கென்றே அமைந்தது. உறிஞ்சும் வால்வு தாமதமாக மூடும், அதனால் அழுத்துவதைவிட விரியும் வீச்சு நீளம். அட்கின்சன் சுழற்சி என்று பெயர். இழுவை கொஞ்சம் குறையும், அந்தக் குறையை மோட்டார் நிரப்பும். இந்த ஏற்பாட்டோடு 1997-ல் ஜப்பானில் பிரியஸ் வந்தபோதே, நின்று நின்று போகும் பெருநகரத்தில்தான் அது பேர் வாங்கியது.

இப்போது நம் ரோட்டுக்கு வாருங்கள். பட்டணம்காத்தானைத் தாண்டினால் உச்சிப்புளி, மண்டபம் வரை மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இருபுறமும் பனையும் உடைமரமும், வளைவுகூட அதிகம் கிடையாது. பிரேக்கைத் தொடாமலே பத்து கிலோமீட்டர் போகலாம். அங்கே இருமல் மருந்து மூடிக் கணக்கு பூஜ்யம். இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஹைப்ரிட் என்பது நல்ல இன்ஜின் வைத்த பெட்ரோல் கார், அவ்வளவுதான். அதன் எதிரி பெட்ரோல் விலைகூட இல்லை, காற்று.

நம் கடற்கரைக்காரனுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசி கடைசியில் ஆரம்பித்து ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். பாம்பன் பாலத்தில் காற்று எல்லை தாண்டினால் ரயிலுக்கே சிக்னல் விழாது. ஆனால் கார் வாங்கும்போது மட்டும் யாரும் காற்றை நினைப்பதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 80-ல் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டரில் கச்சான் வருகிறது என்றால், வண்டியின் முகத்துக்கு அது 110. எண்பதுக்கு ஒரு பங்கு எதிர்ப்பு என்றால் இப்போது 1.9 பங்கு. நீங்கள் ஸ்பீடாமீட்டரைப் பார்த்து, "எண்பதில்தானே போகிறேன், ஏன் குடிக்கிறது?" என்று வண்டியைத் திட்டிக்கொண்டு வருவீர்கள்.

என் நோட்டில் போன வருஷ ஆடியில் ஒரு நாள் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர், காற்று முதுகில். டிஸ்பிளே 28 காட்டியது. சாயங்காலம் அதே ஆட்கள், அதே வேகம், காற்று முகத்தில். டிஸ்பிளே 18. டிரைவர் பையன் சொன்னான், "பரவாயில்லை அண்ணே, போக வர சராசரி 23 வந்துடுச்சே." வரவில்லை. இங்கே பலரும் கோட்டை விடுவார்கள். 28 கொடுத்த பாதிக்கு 1.96 லிட்டர், 18 கொடுத்த பாதிக்கு 3.06 லிட்டர். ஆக 110 கிலோமீட்டருக்கு 5.02 லிட்டர், அதாவது 21.9. போகும்போது காற்று கொடுத்ததை வரும்போது வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். மைலேஜ் எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். கிலோமீட்டரைத் தனியாகவும் லிட்டரைத் தனியாகவும் கூட்டுங்கள்.

மார்கழி, தையில் கதை வேறு. வெயில் தணிவு, ஏ.சி. ஒன்றில் வைத்தால் போதும், வாடைக்கு அந்த மூர்க்கம் கிடையாது. அதே ரூட்டில் போகவரச் சேர்த்து 24, 25 என்று எழுதியிருக்கிறேன். மச்சானின் 19-ஐ ஒரு வருஷத்துக்கான விடை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

காற்றுக்கு அடுத்தது உங்கள் கால். 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். மதுரை ரூட்டில் ஒரு வேடிக்கை பார்த்திருக்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி வரை இருவழிச் சாலை, முன்னால் லாரி, பக்கத்தில் பஸ், எப்படி முண்டினாலும் 70, 75-தான். அந்தத் துண்டில் டிஸ்பிளே 24 காட்டும். பரமக்குடி தாண்டி நால்வழி வந்ததும் எல்லாருக்கும் கால் கனக்க ஆரம்பிக்கும். 100, 110. மதுரை ரிங் ரோட்டைத் தொடும்போது அதே டிஸ்பிளேயில் மொத்தச் சராசரி 20-க்கு இறங்கியிருக்கும். அந்த 75 கிலோமீட்டரில் எண்பதுக்கும் நூறுக்கும் உள்ள நேர வித்தியாசம் பதினோரு நிமிஷம். திருப்புவனத்தில் டீ குடிக்க நிறுத்தினால் அது போய்விடும். பரமக்குடி–ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரையும் நால்வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ரோடு நல்லாயிருக்கட்டும், ஆனால் அது திறந்த அன்றைக்கு நம் மாவட்டத்து ஹைப்ரிட் மைலேஜ் ஒன்றிரண்டு குறையும் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எஸ்யூவி என்று மனதில் முடிவு செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. காற்றின் கணக்கில் அது பெரிய கதவைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மாதிரி. ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் 2022-ல் வந்தபோது அதன் சான்று 26.5, அதாவது நீங்கள் பார்க்கும் எஸ்யூவியைவிடக் குறைவு. ஆனால் அது தாழ்ந்த செடான். காற்று பிடிக்கும் முகப்பு சின்னது. டவுனில் அதன் இன்ஜின் பெரும்பாலும் கரண்ட் உண்டாக்க மட்டும் ஓடும், ஹைவேயில் ஒரு கிளட்ச் விழுந்து இன்ஜின் நேராகச் சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும். நீளமான சீரான ஓட்டத்துக்கு அது தோதான ஏற்பாடு. சான்றில் பின்னால் நிற்பது கச்சானில் முன்னால் வரலாம். மழைக்காலத்தில் தண்ணீர் கட்டும் தெருவில் வீடு இருந்தால் எஸ்யூவிதான் என்று சொல்வீர்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட்டுக்குச் சான்று 23.24. ஏழு பேரை ஏற்றுகிறவனுக்கு அது வேறு கணக்கு, உங்களுக்குத் தேவைப்படாது.

எந்த வண்டி வாங்கினாலும் கூரையில் கேரியர் மாட்டி அப்படியே விட்டுவிடாதீர்கள். வெறும் கேரியரும் காற்றைப் பிடிக்கும்.

டவுனில் ஹைப்ரிட் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. காலை ஒன்பது மணிக்குக் கேணிக்கரையிலிருந்து அரண்மனை வாசல் வரை ஊர்ந்து பாருங்கள். பாதி நேரத்துக்கு மேல் இன்ஜின் சத்தமே இருக்காது. சாதாரண ஆட்டோமேட்டிக் பெட்ரோல் வண்டி அங்கே 9, 10 கொடுத்தால் பெரிது. என் வண்டி 20-க்குக் குறையாமல் கொடுக்கிறது. இதில் ஏ.சி. கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடவில்லை, கரண்டில் ஓடுகிறது. அதனால் இன்ஜின் அணைந்தாலும் குளிர் நிற்காது. நம்மூர் வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தக் குளிர் சும்மா வருவதில்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் டிரைவர் பையனின் தூக்கம். ஒரு மாதம் ராமேஸ்வரம் ட்ரிப்பெல்லாம் 17, 17.5 என்றே வந்துகொண்டிருந்தது. காற்றும் அந்த மாதம் அப்படி இல்லை. டயர் பார்த்தேன், ஏர் ஃபில்டர் பார்த்தேன், பிரேக் ஒட்டுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு நாள் நானே கூடப் போனேன். பயணிகள் அக்னி தீர்த்தத்தில் இறங்கி, 22 தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்டுத் திரும்ப மூன்று மணி நேரம். அதுவரை பையன் பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை முழுசாக வைத்துத் தூங்குகிறான். வண்டி சத்தம் போடாததால் ஓடுகிறது என்றே அவனுக்குத் தோன்றவில்லை. என் வண்டி வகையின் பேட்டரி முக்கால் யூனிட் கொள்ளளவுதான், அதிலும் நடுப்பகுதியை மட்டும்தான் புழங்க விடும். ஏ.சி. ஒரு கிலோவாட் இழுத்தால் கால் மணி நேரத்தில் இன்ஜின் எழுந்து கொஞ்சம் ஏற்றிவிட்டு மறுபடி படுக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒன்றேகால் லிட்டர் போயிருக்கிறது, கிலோமீட்டர் பூஜ்யம். ஐந்து லிட்டரில் முடிய வேண்டிய 110 கிலோமீட்டர் ஆறேகால் லிட்டர் ஆனால் 17.6. நோட்டில் இருந்த அதே எண். சாதாரண வண்டியாக இருந்தால் மூன்று லிட்டரை விழுங்கியிருக்கும், அது வேறு விஷயம். இப்போது நோட்டில் "காத்திருப்பு" என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். பையனைத் திட்டவில்லை. அந்த வெயிலில் நானும் அதைத்தான் செய்வேன்.

குட்டி ஓட்டம்தான் இன்னொரு ஓட்டை. காலையில் மீன் வாங்க ஒன்றரை கிலோமீட்டர் போய்வருவதற்கு ஹைப்ரிட்டை எடுத்தால், பேட்டரி நிறைந்திருந்தாலும் முதலில் இன்ஜின் எழும். புகை சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் சூடேற வேண்டும். வெயிலில் நின்ற வண்டி என்றால் முதல் ஐந்து நிமிஷம் ஏ.சி. முழுமூச்சில் ஓடும். அதற்குள் மார்க்கெட் வந்துவிடும். அந்த ஓட்டத்தில் 13, 14 வந்தால் வண்டியைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் 17 கிலோமீட்டரில் இந்த ஆரம்பச் செலவு கரைந்துவிடும்.

அளப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிச் சண்டை தப்பாக அளப்பதால் வருகிறது. டிஸ்பிளேயை அப்படியே நம்ப வேண்டாம். என்னுடையது 24.6 என்று காட்டினால் டேங்க் கணக்கு 23.3 வருகிறது. எப்போதும் ஐந்து சதவீதம் பெருமை பேசும். மேலே காற்றுக்கும் மதுரை ரூட்டுக்கும் சொன்னவை டிஸ்பிளே எண்கள், அதனால் அவற்றிலும் ஒரு எண்ணைக் கழித்தே படியுங்கள். ஒரே பங்க், முடிந்தால் அதே பம்ப். நாசில் தானாக "டக்" என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும். பங்க் தம்பி, "ரவுண்டா ஆக்கிடவா அண்ணே?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். எட்டு லிட்டர் போட்டுக் கணக்குப் பார்க்கிறவருக்கு அரை லிட்டர் தவறினால் ஆறு சதவீதம் போச்சு. 30 லிட்டர் ஓடவிட்டுப் பாருங்கள், அதே அரை லிட்டர் தவறு ஒன்றரை சதவீதமாகச் சுருங்கிவிடும்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஆறேழு சதவீதம், முன்பு வந்த 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் மூன்று நாலு சதவீதம் ஆற்றல் குறைவு. ஹைப்ரிட் என்று இல்லை, எல்லாப் பெட்ரோல் வண்டிக்கும் இந்தக் கழிவு உண்டு. 2022-ல் யாரோ எழுதிய மைலேஜை வைத்து இன்றைக்கு எடை போடும்போது இதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மச்சான் வண்டியில் "ஹைப்ரிட்" என்று எழுதியிருக்கிறதா, ஸ்ட்ராங் ஹைப்ரிட்டேதானா என்று ஒரு தடவை உறுதி செய்யுங்கள். ஸ்மார்ட் ஹைப்ரிட், மைல்டு ஹைப்ரிட் என்று வருவதில் பெல்ட்டோடு ஒரு சின்ன மோட்டார் இருக்கும். கிளம்பும்போது தோள் கொடுக்கும், சிக்னலில் இன்ஜினை அணைத்து எழுப்பும். தனியாக வண்டியை ஓரடிகூட நகர்த்தாது. அதே கிராண்ட் விட்டாராவில் அந்த வகைக்கு மேனுவல் கியரில் சான்று 21.11. அதை வைத்துக்கொண்டு மச்சான் 19 எடுக்கிறார் என்றால், அவருக்கு மாலை போட்டு அழைத்து வாருங்கள், நான் ஓட்டப் பழகிக்கொள்கிறேன்.

உங்கள் ஓட்டத்துக்கு வருவோம். தினம் கீழக்கரை–ராமநாதபுரம், மாதம் 25 நாள், 875 கிலோமீட்டர். மதுரை இரண்டு தடவை, 520. மொத்தம் 1,400 என்று வையுங்கள். கடை ரூட் வடக்கு தெற்காகப் போவதால் கச்சானின் முழு அடி விழாது, வேகமும் 60-ஐத் தாண்டாது. ஏ.சி.யோடு 23 எதிர்பார்க்கலாம். மதுரைக்கு 90-க்குள் ஓட்டினால் 20, 21. மொத்தத்தில் வருஷம் முழுக்க டேங்க் கணக்கில் 22. இதே உருவத்தில் மைல்டு வண்டி உங்களுக்கு 15.5 தரும். 1,400 கிலோமீட்டருக்கு அது 90 லிட்டர், ஸ்ட்ராங் 64 லிட்டர். மிச்சம் 26 லிட்டர் சொச்சம். லிட்டர் 101 ரூபாய் என்றால் மாதம் 2,700 ரூபாய், வருஷத்துக்கு 32,000 சொச்சம். விலை வித்தியாசம் மூன்று லட்சம் என்று வைத்தால் அதை எடுக்க ஒன்பது வருஷம். எனக்கு மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடுகிறது, 39 மாதத்தில் எடுத்துவிடுவேன். ஆக, பணத்துக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். கிளட்ச் மிதிக்காத ஓட்டம், சத்தமில்லாத டவுன், இன்ஜின் அணைந்தும் குளிரும் ஏ.சி., இதற்கெல்லாம் காசு கொடுக்க மனசு இருந்தால் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். தினம் 35 கிலோமீட்டர் என்பதற்கு, வீட்டில் சொந்த நிறுத்துமிடமும் பிளக்கும் இருந்தால், சின்ன எலெக்ட்ரிக் காரையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது இரண்டுதான். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் பிடியுங்கள். மத்தியானம் சூட்டில் பிடித்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும், நீங்கள் குறைவாக வைத்துக்கொண்டு ஓடுவீர்கள். அப்புறம், பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம். பல ஹைப்ரிட் வண்டிகளில் பின்சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு சின்னக் கிராதி இருக்கும். தொண்டிப் பக்கம் ஒருவர் தினமும் மீன் ஐஸ் பெட்டியை அதன்மேல் ஒட்டி வைத்துக்கொண்டு போனார். பேட்டரி சூடேறிவிட்டால் வண்டி தானாக மோட்டாரின் வேலையைக் குறைத்து இன்ஜினிடம் கொடுத்துவிடும், மைலேஜ் சத்தமில்லாமல் இறங்கும். பெட்டியை எடுத்து, கிராதிக்குப் பின்னால் இருந்த ஃபில்டரைத் தட்டினேன். தனுஷ்கோடி மணல் ஒரு கைப்பிடி விழுந்தது. பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று டொயோட்டாவும் மாருதியும் உத்தரவாதம் கொடுக்கின்றன. வாங்கும்போது அதைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஆனி, ஆடியில் மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள், ஏ.சி.யைப் போட்டுக்கொள்ளுங்கள். ஷோரூம் பையன் பட்டணம்காத்தானிலிருந்து கிழக்கே உச்சிப்புளிப் பக்கம் ஓட்டச் சொல்வார், மீட்டர் 28, 29 என்று ஏறும். அவர் பேசி முடிக்கட்டும். உச்சிப்புளியில் வண்டியைத் திருப்பியதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, அதே வேகத்தில் மேற்கே வாருங்கள்.